செடிக்கு விளக்கு: வாங்கும் முன் எக்செல்லில் ஒரு கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், லெட்டர் டைப் செய்கிறோம். எக்செல் என்று ஒன்று இருக்கிறதே, அது அலுவலகக் கணக்குக்குத்தானே, வீட்டில் அதற்கு என்ன வேலை என்று பலரும் கேட்கிறார்கள். வீட்டிலும் வேலை உண்டு. அதை நான் தெரிந்துகொண்டது ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு கருகிய பிறகுதான்.

படூரில் எங்கள் ஃபிளாட்டுக்கு வெயில் வரும் பால்கனி கிடையாது. ஊரிலிருந்து வந்து என்னோடு இருக்கும் அம்மாவுக்குக் கொல்லைப்புறம் இல்லாதது பெரிய குறை. வெந்தயக் கீரையும் புதினாவும் வீட்டுக்குள்ளேயே வளர்க்கலாம் என்று 'செடி வளர்க்கும் எல்இடி விளக்கு' ஒன்றை வாங்கி, என் கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் மாட்டினேன். கம்ப்யூட்டர் செருகியிருந்த அதே எக்ஸ்டென்ஷன் போர்டில் அதையும் செருகினேன். கணக்கு எதுவும் போடவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம். நான் சிறுசேரியில் அலுவலகத்தில் இருந்தேன். அம்மாவிடமிருந்து போன். "ஏதோ கருகுற வாசனை வருதுப்பா. மெயின அணைச்சுட்டேன். நீ வா." போய்ப் பார்த்தால் போர்டின் ஒரு துளை உருகி, பிளக்கின் பின் பழுப்பாகிக் கிடந்தது. எம்சிபி விழவில்லை. அம்மாவின் மூக்குதான் வீட்டைக் காப்பாற்றியது.

அன்று இரவே எக்செல்லைத் திறந்து நான் போட்ட கணக்குகளைத்தான் இந்தப் பாடத்தில் படிப்படியாகத் தரப் போகிறேன். உங்களிடம் எக்செல் இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். அது இலவசம். மெனுக்கள் சற்று இடம் மாறியிருக்கும். கணக்கு ஒன்றேதான்.

வாட் என்பது வெளிச்சம் அல்ல

முதலில் நான்கு சொற்களைத் தெரிந்துகொள்வோம்.

வாட் என்பது விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவு. லூமென் என்பது விளக்கு வெளியே விடும் வெளிச்சத்தின் அளவு. லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமென் விழுகிறது என்பது. வாசலில் உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். நம் ஹாலில் இரவு டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். நம் கண் இரண்டையும் 'வெளிச்சமாக இருக்கிறது' என்றே சொல்லும். செடி அப்படிச் சொல்லாது. நிழலில் வளர்ந்த தண்டு நீண்டு, வெளிறி, சாய்ந்துவிடும்.

நான்காவது சொல் மோல். செடி வெளிச்சத்தை ஒளித்துகள்களாக எண்ணிச் சாப்பிடுகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை மோல் துகள் விழுந்தது என்பதுதான் அதன் சாப்பாட்டுக் கணக்கு. லெட்யூஸ் போன்ற இலைக்கீரை முழுதாக வளர 12 முதல் 17 மோல் வரை வேண்டும். தக்காளி, மிளகாய் போன்ற காய்க்கும் செடிகளுக்கு 20-க்கு மேல் வேண்டும். விதை முளைத்துச் சில இலை விட்டதும் இளசாக அறுத்துவிடும் வெந்தயம், கடுகு போன்றவை 6 மோலிலேயே வந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. நான் வாங்கிய விளக்கின் பெட்டியில் '1000 வாட்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. பிளக்கில் செருகி அளக்கும் சிறிய பவர் மீட்டரில் பார்த்தால் 105 வாட்தான் எடுக்கிறது. இப்படிப்பட்ட விளக்குகளில் பெட்டியில் இருக்கும் எண் பெரும்பாலும் விளம்பர எண். உள்ளே விவர அட்டையில் 'உண்மையில் எடுக்கும் வாட்' எவ்வளவு, லூமென் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

இன்டர்நெட் அட்டவணையைக் காப்பியடிக்காதீர்கள்

இன்னும் ஒரு தவறு செய்தேன். 'இத்தனை அடிக்கு இத்தனை வாட்' என்று இன்டர்நெட்டில் தேடி, வந்த அட்டவணையை அப்படியே நம்பினேன். நான்கடிக்கு நான்கடி இடத்துக்கு 600 வாட் என்றிருந்தது. பிறகுதான் நிதானமாகப் படித்தேன். அது கஞ்சாச் செடிக்காகப் போட்ட கணக்கு. வீட்டுக்குள் விளக்கு வைத்துச் செடி வளர்ப்பது பற்றி ஆங்கிலத்தில் கிடைக்கும் அட்டவணைகளில் கணிசமானவை அப்படிப்பட்டவை. கனடாவில் 2018 அக்டோபரில் அதைச் சட்டப்பூர்வமாக்கினார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் அனுமதி உண்டு. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 20-ஆம் பிரிவின்படி அந்தச் செடியை வளர்ப்பதே குற்றம். 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த எண்கள் நம் கீரைக்குப் பொருந்தவே பொருந்தாது. அது கடும் வெயிலில் பூக்கும் செடி. அதற்கு அறைக்குள் ஒரு சூரியனையே உண்டாக்கப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் இவான் மில்ஸ் என்ற ஆய்வாளர் 2012-ல் போட்ட கணக்குப்படி, அந்நாட்டின் மொத்த மின்சாரத்தில் சுமார் 1 சதவீதம் வீட்டுக்குள் வளர்க்கும் கஞ்சாவுக்கே போனது. விளக்கு, அந்த விளக்கின் சூட்டைத் தணிக்க ஏசி, காற்றுக்கு ஃபேன் என்று எல்லாம் சேர்ந்த செலவு அது. ஒரு கட்டு வெந்தயக் கீரைக்காக நாம் அந்த வழியில் போகத் தேவையில்லை.

சாதாரண வெள்ளை எல்இடியே நமக்குப் போதும். நீல எல்இடி வந்த பிறகுதான் வெள்ளை எல்இடி சாத்தியமானது. அதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. 2015 ஜனவரியில் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்த பின் எல்இடி விலை நம் ஊர்க் கடைகளிலும் இறங்கியது. 2015 ஆகஸ்டில் விண்வெளி நிலையத்தில் விண்வெளி வீரர்கள் எல்இடி வெளிச்சத்தில் வளர்த்த லெட்யூஸைச் சாப்பிட்டார்கள். அவர்கள் வைத்திருந்தது சிறப்பு விளக்கு. நமக்கு மின்சாமான் கடையில் கிடைக்கும் நான்கடி, 20 வாட், 2000 லூமென் எல்இடி பேட்டன் போதும்.

முதல் ஷீட்: வெளிச்சக் கணக்கு

எக்செல்லைத் திறந்து புதிய ஒர்க்புக் எடுங்கள். கீழே 'ஷீட்1' என்று இருக்கும் இடத்தில் இரண்டு முறை கிளிக் செய்து 'வெளிச்சம்' என்று பெயர் மாற்றுங்கள். 'ஏ' வரிசையில் பெயரையும், அதற்கு நேராக 'பி' வரிசையில் எண்ணையும் டைப் செய்யுங்கள்.

1. தட்டின் நீளம், மீட்டரில்: 1.2
2. தட்டின் அகலம், மீட்டரில்: 0.6
3. பரப்பு: (இப்போது காலியாக விடுங்கள்)
4. ஒரு விளக்கின் லூமென்: 2000
5. எத்தனை விளக்கு: 4
6. செடிக்குச் சேரும் பங்கு: 0.7
7. லக்ஸ்: (காலி)
8. மாற்று எண்: 67
9. மைக்ரோமோல்: (காலி)
10. தினமும் எத்தனை மணி நேரம்: 14
11. ஒரு நாள் மோல்: (காலி)

இப்போது காலியாக விட்ட இடங்களில் ஃபார்முலா போடுவோம். ஃபார்முலா என்றதும் பயப்பட வேண்டாம். சமக்குறி போட்டு ஆரம்பித்தால் அது ஃபார்முலா. அவ்வளவுதான். செல்லின் பெயரை நீங்கள் டைப் செய்யக்கூட வேண்டாம். மவுஸால் அந்தச் செல்லைத் தொட்டால் எக்செல்லே எழுதிக்கொள்ளும்.

பரப்புக்கு: மூன்றாவது செல்லில் சமக்குறி போடுங்கள். நீளத்தின் எண்ணைக் கிளிக் செய்யுங்கள். நட்சத்திரக் குறி போடுங்கள். எக்செல்லில் பெருக்கலுக்கு அதுதான் குறி. அகலத்தின் எண்ணைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 0.72 என்று வரும்.

லக்ஸுக்கு: சமக்குறி, லூமென், நட்சத்திரக் குறி, விளக்கு எண்ணிக்கை, நட்சத்திரக் குறி, பங்கு, சாய்கோடு, பரப்பு, என்டர். சாய்கோடு என்றால் வகுத்தல். 7778 வரும். புள்ளிக்குப் பின் நிறைய இலக்கம் தெரிந்தால் மேலே உள்ள 'டிக்ரீஸ் டெசிமல்' பட்டனை அழுத்திக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோமோலுக்கு: லக்ஸை மாற்று எண்ணால் வகுங்கள். 116 வரும். வெள்ளை எல்இடிக்கு ஏறத்தாழ 67 லக்ஸ், நொடிக்கு ஒரு மைக்ரோமோலுக்குச் சமம். சூரிய ஒளிக்கு இது 54. ஊதா-சிவப்பு கலந்து எரியும் விளக்குக்கு இந்தக் கணக்கு செல்லாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. ஊதாவும் சிவப்பும் நம் கண்ணுக்குக் குறைவாகவே தெரியும்.

ஒரு நாள் மோலுக்கு: மைக்ரோமோல், நட்சத்திரக் குறி, மணி நேரம், நட்சத்திரக் குறி, 0.0036. ஒரு மணிக்கு 3600 நொடி, ஒரு மோலுக்கு பத்து லட்சம் மைக்ரோமோல் என்பதால் இந்த 0.0036. விடை 5.85.

இனிதான் எக்செல்லின் மகிமை. விளக்கு எண்ணிக்கையை 8 என்றும், நேரத்தை 16 என்றும் மாற்றிப் பாருங்கள். மற்ற எல்லா எண்களும் தானாக மாறி, கடைசியில் 13.37 வரும். அதாவது லெட்யூஸ் வளர்க்க இந்தச் சின்னத் தட்டுக்கே எட்டு விளக்கு வேண்டும். நான்கு விளக்கில் இளவெந்தயம் வரும், மிளகாய் வராது. இதைக் கடைக்குப் போகும் முன்பே தெரிந்துகொண்டோம். ஒரு ரூபாய் செலவில்லை.

தண்டுக்கீரை, சிறுகீரை வகைகளை எதிர்பார்க்காதீர்கள். அவை பலத்த வெயிலை விரும்புபவை. துளசியும் அப்படியே. அவற்றை மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுங்கள்.

இரண்டாம் ஷீட்: வெளிச்ச வரைபடம்

மேலே 0.7 என்று போட்டோமே, அது ஒரு ஊகம். விளக்கு விடும் வெளிச்சம் முழுவதும் செடி மேல் விழுவதில்லை. பக்கவாட்டில் சிதறுகிறது. எவ்வளவு சிதறுகிறது என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும். இதற்கு உங்கள் செல்போன் போதும். லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். போனுக்குப் போன் அளவு சற்று வேறுபடும். ஆனால் ஓரிடத்தையும் இன்னோரிடத்தையும் ஒப்பிட இது தாராளம்.

கீழே ப்ளஸ் குறியைக் கிளிக் செய்து புதிய ஷீட் எடுங்கள். இங்கேதான் எக்செல் வரைபடமாக மாறப் போகிறது. தட்டை மனதுக்குள் நீளத்தில் ஐந்தாகவும் அகலத்தில் மூன்றாகவும் பிரியுங்கள். மொத்தம் 15 கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் போனை வானம் பார்த்து வைத்து, வரும் லக்ஸை அதே இடத்துச் செல்லில் டைப் செய்யுங்கள். விளக்கை 30 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டி நான் அளந்தது இது.

4800, 6500, 7100, 6400, 4700
6900, 9200, 9900, 9100, 6800
4700, 6400, 7000, 6300, 4600

15 செல்லையும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். ஹோம் டேப்பில் 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்', அதில் 'கலர் ஸ்கேல்ஸ்', அதில் பச்சை-மஞ்சள்-சிவப்பு உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உடனே தட்டின் படம் திரையில் வந்துவிடும். நடுவில் பச்சை, நான்கு மூலையும் சிவப்பு. அம்மாவிடம் காட்டினேன். "மூலையில மட்டும் வெந்தயம் ஏன் சாயுதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

இப்போது சராசரி. தனியாக ஒரு காலிச் செல்லைக் கிளிக் செய்து, ஆட்டோசம் பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள சிறு அம்புக்குறியை அழுத்துங்கள். 'ஆவரேஜ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 15 செல்லையும் இழுத்துக் காட்டி என்டர் தட்டுங்கள். 6693 வரும். இன்னொரு செல்லில் இதே போல 'மின்' தேர்ந்தெடுத்தால் மிகக் குறைந்த எண் 4600 வரும். நடுவில் 9900, மூலையில் 4600. பாதிக்கும் கீழே.

முதல் ஷீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே 7778 என்று எதிர்பார்த்தோம். கிடைத்தது 6693. பங்கை 0.6 என்று மாற்றினால்தான் இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போகும். 40 சதவீத வெளிச்சம் சுவருக்குப் போய்க்கொண்டிருந்தது.

உடனே ஐந்தாவது விளக்கு வாங்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். விளம்பரப் பலகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை சன்போர்டை வெட்டித் தட்டின் நான்கு பக்கமும் நிறுத்தினேன். மேலே காற்றுப் போக இடைவெளி விட்டேன். மறுபடி அளந்தேன்.

6600, 7600, 8000, 7500, 6500
7900, 9500, 10100, 9400, 7800
6500, 7500, 7900, 7400, 6400

சராசரி 7773. குறைந்தது 6400. ஒரு வாட் கூடக் கூட்டாமல் சராசரி 16 சதவீதம் ஏறியது. மூலைகளிலும் செடி நிமிர்ந்தது. முதல் ஷீட்டில் போட்ட 0.7 இப்போதுதான் உண்மையானது. வெளிச்சம் எங்கெங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்காமல் விளக்கைக் கூட்டினால் கரன்ட் பில்தான் கூடும்.

மூன்றாம் ஷீட்: மின்சுமை

இனி, போர்டு ஏன் உருகியது என்று பார்ப்போம். மூன்றாவது ஷீட்டில் 'ஏ' வரிசையில் பொருளின் பெயர், 'பி' வரிசையில் வாட் எழுதுங்கள். அன்று அந்த ஒரே போர்டில் செருகியிருந்தவை இவை.

கம்ப்யூட்டரும் மானிட்டரும்: 250
செடி விளக்கு: 105
டேபிள் ஃபேன்: 55
வைஃபை ரூட்டர்: 10
போன் சார்ஜர்: 20
எலக்ட்ரிக் கெட்டில்: 1500

'சி' வரிசையில் முதல் பொருளுக்கு நேராக சமக்குறி போட்டு, அதன் வாட்டைக் கிளிக் செய்து, சாய்கோடு, 230 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் சின்னச் சதுரம் தெரியும். அதைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லாப் பொருளுக்கும் ஃபார்முலா தானாக நிரம்பிவிடும். கடைசியில் ஆட்டோசம். 'பி' வரிசையில் 1940, 'சி' வரிசையில் 8.43 வரும்.

என் போர்டில் அச்சிட்டிருந்தது 6 ஆம்பியர். கெட்டில் இல்லாத நாளில் 2 ஆம்பியர்கூட இல்லை. அதனால்தான் இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. அன்று அம்மா கம்ப்யூட்டரில் சீரியல் பார்த்துக்கொண்டே அதே போர்டில் கெட்டிலைச் செருகி வெந்நீர் வைத்திருக்கிறார். தவறு அவருடையது அல்ல. காலித் துளையை விட்டுவைத்து, 'இதில் கெட்டில் வேண்டாம்' என்று சொல்லாமல் போனது நான்.

சரி, எம்சிபி ஏன் விழவில்லை? எனக்கும் இதே கேள்வி. போர்டு செருகியிருந்தது சுவரில் உள்ள பவர் பிளக்கில். அந்த லைனின் எம்சிபி 16 ஆம்பியர். போனது 8.43. எம்சிபியைப் பொறுத்தவரை எல்லாம் சரி. அது காப்பது சுவருக்குள் ஓடும் தடித்த ஒயரை. நீங்கள் வெளியே மாட்டும் மெல்லிய ஒயர் போர்டு அதன் கணக்கிலேயே இல்லை. எம்சிபி இருக்கிறது, பயமில்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

இன்னொரு விஷயம். கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும்போது நாம் பக்கத்தில் இருக்கிறோம். எழுந்தால் அணைக்கிறோம். செடி விளக்கு அப்படி இல்லை. தினமும் 14 மணி நேரம், பெரும்பாலும் நாம் இல்லாத நேரத்தில், எரிகிறது. இப்படித் தொடர்ந்து ஓடும் சுமையை, போர்டின் அளவில் 80 சதவீதத்துக்குள் வைப்பது நல்ல பழக்கம். 6 ஆம்பியர் போர்டு என்றால் 4.8 ஆம்பியர், அதாவது 1104 வாட். விலை மலிவான எல்இடிகளில் பவர் ஃபேக்டர் 0.6 என்று இருந்தால் 105 வாட் விளக்கு 0.46-க்குப் பதில் 0.76 ஆம்பியர் இழுக்கும். அதனால் விளிம்பு வரை நிரப்பாமல் இடம் விட்டு வையுங்கள்.

எப்படி இணைப்பது?

இப்போது எங்கள் வீட்டில் உள்ள ஏற்பாட்டைச் சொல்கிறேன். சுவருக்குள் செய்ய வேண்டிய வேலைகளை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

முதலாவது, செடி விளக்குக்குத் தனி பாயின்ட். கம்ப்யூட்டர் போர்டில் அது இல்லை. கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் எந்த எக்ஸ்டென்ஷன் போர்டிலும் இல்லை. நேராகச் சுவர்ப் பவர் பிளக்கில்தான்.

இரண்டாவது, எர்த். மூன்று பின் பிளக்கில் பெரிய பின் எர்த். துளையில் போகவில்லை என்று அதை வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யவே கூடாது. உலோக உடம்புள்ள விளக்கு, பக்கத்தில் ஈர மண், தண்ணீர்க் கை. எர்த் இல்லாவிட்டால் ஷாக் நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆர்சிசிபி. மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் லைனைத் துண்டிப்பது இது. எம்சிபி ஒயரைக் காக்கும், ஆர்சிசிபி ஆளைக் காக்கும். உங்கள் மெயின் போர்டில் 'டெஸ்ட்' என்ற சிறு பட்டனுடன் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அழுத்தும் முன் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்ய மறக்காதீர்கள்.

நான்காவது, தண்ணீர். போர்டு தரையிலும் தட்டுக்குக் கீழேயும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் உயரமாக இருக்கட்டும். விளக்கிலிருந்து வரும் ஒயரைப் பிளக்குக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டுப் பிறகு மேலேற்றுங்கள். ஒயர் வழியே இறங்கும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையைப் பார்த்தவர்களுக்கு, தரையோடு கிடக்கும் போர்டு எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது, யுபிஎஸ். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் காலித் துளை இருக்கிறதே என்று விளக்கை அதில் செருகாதீர்கள். சாதாரண 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். கரன்ட் போனதும் உங்கள் ஃபைலை சேவ் செய்ய வேண்டிய பேட்டரியை விளக்கு குடித்துவிடும். செடிக்கு இரண்டு மணி நேரம் இருட்டு ஒரு பொருட்டே இல்லை.

ஆறாவது, டைமர். காலை 6 முதல் இரவு 8 வரை என்று வைத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. நல்ல தரமான டைமராக வாங்குங்கள். பல எல்இடிகள் ஒரே நொடியில் எரியத் தொடங்கும்போது ஒரு கணம் மின்னோட்டம் எகிறும். மட்டமான டைமரின் உள் தொடர்பு அதில் ஒட்டிக்கொண்டு, அணையாமலே நின்றுவிடும்.

கடைசியாக, உப்புக் காற்று. கேளம்பாக்கம் உப்பளங்களுக்கும் கோவளம் கடற்கரைக்கும் பக்கத்து ஊர் எங்களுடையது. இங்கே பித்தளைப் பின் சீக்கிரம் பூத்துப்போகிறது. பூத்த பின் சரியாகத் தொடாது. சரியாகத் தொடாத இடம் சூடாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கை உருவிப் பாருங்கள். பின் கருத்தோ பிளாஸ்டிக் நிறம் மாறியோ இருந்தால் பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும்.

கரன்ட் பில் எவ்வளவு கூடும்?

அதே ஷீட்டில் நான்கு செல் போதும். மொத்த வாட் 80, மணி நேரம் 14, நாள் 60. மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 67.2. இரண்டு மாத பில்லில் இத்தனை யூனிட் கூடும்.

இதே செல்களில் இன்டர்நெட் அட்டவணையின் 600 வாட்டையும் 12 மணி நேரத்தையும் போட்டுப் பாருங்கள். 432 யூனிட்! தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-ல் வந்தது. 2022 செப்டம்பரில் வந்த கட்டண அட்டவணையில், மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிய வீடுகளுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டின் குறைந்த விலை கிடையாது. அதாவது 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. அதற்குக் கீழே உள்ளதற்கும் ஏறும். எங்கள் வீட்டில் வழக்கமாக 320 யூனிட் வரும். 67 கூட்டினால் 387, சமாளிக்கலாம். 432 கூட்டினால் 752. உங்கள் பழைய பில்லை எடுத்து, உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

மூன்று ஷீட்டையும் ஒரே பெயரில் சேவ் செய்து வையுங்கள். செடி வளர்க்காதவர்களுக்கும் மூன்றாவது ஷீட் பயன்படும். இன்றைக்கே உங்கள் கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே குனிந்து, அந்த ஒரு போர்டில் எத்தனை பிளக் இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அச்சிட்டிருக்கும் வாட்டை எழுதி, எக்செல்லில் கூட்டுங்கள். போர்டில் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது என்றும் பாருங்கள். எதுவும் அச்சிடவில்லை என்றால் அந்தப் போர்டை மாற்றிவிட்டு, ஐஎஸ்ஐ முத்திரையும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் உள்ளதாக ஒன்று வாங்குங்கள். காலித் துளை இருந்தால், வீட்டில் இருப்பவர்களிடம் அதில் எதைச் செருகக் கூடாது என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது நான்கு பேட்டன், நான்கு சன்போர்டு, ஒரு டைமர். மோல் கணக்கு 5.85-லேயே நிற்கிறது. அம்மா பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு வரிசை இளவெந்தயம் அறுக்கிறார். சாம்பாருக்குப் போதுகிறது. அடுத்து கொத்தமல்லி போட வேண்டும் என்கிறார். அதற்கு எத்தனை விளக்கு வேண்டும் என்று பார்க்க, முதல் ஷீட்டைத் திறந்து வைத்திருக்கிறேன்.